ரிக்கார்டை எழுதியது யார்?

பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், இறப்புச் சான்றிதழில் தகப்பனாரின் இனிசியல் வேறாக இருந்தாலும் நம்மூரில் அதற்குத் தயாராக ஒரு விளக்கம் இருக்கிறது: "சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை." முகாமில் மைக் பிடிக்கும் அதிகாரி இதைச் சொல்கிறார். பள்ளிச் சேர்க்கை நேரத்தில் தலைமையாசிரியர் சொல்கிறார். படித்து வேலைக்குப் போன மகன் பெற்ற தாயிடமே கேட்கிறான்: "அன்னைக்கே பாத்து வாங்கியிருக்கக் கூடாதாம்மா?" படிக்காதவர்கள், பாரத்தைப் பார்க்காமல் கைநாட்டு வைக்கிறவர்கள், தேவை வரும்போதுதான் ஓடிவருகிறவர்கள் என்று இந்த விளக்கம் நீளும். கடைசியில் ஓர் ஆறுதலும் உண்டு. இப்போதுதான் எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே, இனிமேல் பிரச்சினை இருக்காது என்பார்கள்.

இந்த விளக்கம் அடி முதல் நுனி வரை தவறு. அதைச் சொல்ல டெல்லி வரை போக வேண்டாம். பெரியகுளத்துக்குப் பக்கத்தில், பூண்டு மண்டிக்குப் பேர்போன வடுகபட்டியே போதும். கொடைக்கானல் மலைப்பூண்டு வந்து இறங்கும் ஊர். சந்தை நாளில் ஊருக்குள் நுழைந்தாலே நெடி மூக்கில் ஏறும். அங்கே கூடை முன்னால் உட்கார்ந்து பூண்டு தரம் பிரிக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புக், வாக்காளர் அட்டை என்று எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு, அந்தப் பையை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றி, பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருப்பார்கள். எந்தக் கார்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். "ரேசன் கார்டுல பேச்சியம்மா, ஆதாருல பேச்சியம்மாள், வீட்ல கூப்புடுறது ராணி" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். விழிப்புணர்வு இல்லாதவர்களின் பேச்சா இது?

முதலில் சட்டம் யார்மேல் கடமையை வைத்திருக்கிறது என்று பார்ப்போம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 8-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வீட்டில் குழந்தை பிறந்தால் வீட்டுத் தலைவர் தகவல் தர வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அங்கே பொறுப்பில் இருக்கும் மருத்துவ அலுவலரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ தர வேண்டும். 2019-21 காலத்துத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அப்படியென்றால் இன்று தமிழ்நாட்டில் பிறக்கிற குழந்தையைப் பற்றிப் பதிவாளருக்குத் தகவல் தரும் கடமை ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனையுடையது. அந்தப் பாரத்தைப் பெற்றவள் எழுதுவதில்லை. அவளுக்காக ஒருவர் எழுதுகிறார். பிறகு பிழைக்கு மட்டும் அவள் எப்படிப் பொறுப்பாளி ஆனாள்?

எழுதப்படும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கருவுற்ற மூன்றாவது மாதத்தில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுக்கிறாள் ஒரு பெண். அவர் அதைப் பிக்மி என்ற கணினித் தளத்தில் ஏற்றி 12 இலக்க எண் ஒன்று வாங்கித் தருகிறார். அந்த எண் இல்லாமல் குழந்தையின் பிறப்பைப் பதிய முடியாது என்று 2017-லேயே தமிழ்நாடு அரசு விதித்துவிட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வரும். நிதி வரவேண்டுமென்றால் பெயர் பேங்க் புக்கில் உள்ளபடி இருக்க வேண்டும். அந்தக் கணக்கு கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கியது என்றால் அதில் அப்பாவின் இனிசியல் இருக்கும், பின்னால் தொடங்கியது என்றால் கணவரின் இனிசியல். அங்கே ஏறிய பெயர்தான் பிரசவ வார்டின் நோட்டுக்கு வருகிறது, நோட்டிலிருந்து பிறப்பு அறிக்கைப் படிவத்துக்குப் போகிறது, படிவத்திலிருந்து பதிவாளரின் கணினிக்குப் போகிறது. இத்தனை கை மாறுவதற்குள் அந்தப் பெண் தன் பெயரைத் தன் வாயால் சொன்னது அநேகமாக ஒரு தடவைதான் இருக்கும். அதுவும் ஏழு மாதத்துக்கு முன்னால், வேறொரு காரியத்துக்காக.

அந்தப் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சட்டப் பகுதி: பிறந்த தேதி, பாலினம், பெயர், தாய் தந்தை பெயர், பிறந்த இடம், முகவரி. இன்னொன்று புள்ளிவிவரப் பகுதி: தாயின் படிப்பு, தொழில், திருமணத்தின்போது வயது, இது எத்தனையாவது குழந்தை, பிரசவம் எப்படி நடந்தது, குழந்தையின் எடை. இரண்டாவது பகுதி பிரிக்கப்பட்டு அரசின் கணக்குக்குப் போய்விடும். குடிமகனின் கையில் வருவது முதல் பகுதியின் சாரம் மட்டுமே. பிரசவித்த மறுநாள், கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, பக்கத்தில் குழந்தை அழுதுகொண்டிருக்க, "யம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்று ஒருவர் தாளை நீட்டுகிறார். படித்துக் காட்டினார்களா? படித்துக் காட்டும் ஆள் அந்த வார்டில் இருந்தாரா? அந்தக் கையெழுத்தைச் சாட்சியாக வைத்துத்தான் பிற்பாடு, "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க" என்கிறார்கள்.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் விஷயத்திலும் இதே கதைதான். வைகைக் கரையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பல குடும்பங்களில், குலசாமி கோவிலுக்குப் போய் முடி இறக்கிக் காது குத்தும்வரை பெயர் முடிவாகாது. பாட்டி பெயரா, சாமி பெயரா, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயரா என்று மாமன் மச்சான்கள் கூடிப் பேச வேண்டியிருக்கும். பெயர் இல்லாத சான்றிதழைப் பார்த்ததும் 'அலட்சியம்' என்று முத்திரை குத்துகிறவர்கள் அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். பெயர் பிறகு வரும் என்பதைச் சட்டமே எதிர்பார்த்து இடம் விட்டிருக்கிறது. 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமலும், அதற்குப் பின் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரையிலும் பெயரைச் சேர்க்கலாம். சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்த ஊர் வழக்கம், சட்டத்தை நடத்துகிறவர்களுக்குத்தான் குற்றமாகத் தெரிகிறது.

அடுத்தது இடம். இதில் நம்மவர்களை முட்டாளாக்குவது ரொம்பச் சுலபம். பிறப்போ இறப்போ, நடந்த இடத்தில்தான் பதிய வேண்டும் என்பது விதி. குடியிருக்கும் ஊருக்கு அதில் வேலை இல்லை. வடுகபட்டிப் பெண்ணுக்குப் பெரியகுளம் அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்தால் பதிவு பெரியகுளத்தில் இருக்கும். சிக்கலான பிரசவம் என்று கானாவிலக்கு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் பதிவு ஆண்டிபட்டி வட்டத்துக்குள் போய்விடும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். தாய்வீடு உசிலம்பட்டியாக இருந்தால் மூத்த பிள்ளையின் பதிவு மதுரை மாவட்டத்தில், இளைய பிள்ளையின் பதிவு தேனி மாவட்டத்தில். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பிள்ளைகளுக்காக இரண்டு மாவட்டத்து அலுவலகங்களுக்கு அலைய வேண்டும். வடுகபட்டிப் பேரூராட்சியில் போய் நிற்கும் தகப்பனுக்கு, "இங்க இல்ல, அங்க போங்க" என்ற பதில்தான் கிடைக்கும். எங்கே, ஏன் என்று சொல்வதற்கு அங்கே ஒரு பலகைகூடத் தொங்காது. ஊர் மாறி நின்றவரைப் பார்த்து, "இதுகூடத் தெரியல பாரு" என்று சிரிப்பது மட்டும் நடக்கும்.

மாவட்டமே மாறிய கதையும் உண்டு. மதுரையிலிருந்து தேனி மாவட்டம் பிரிக்கப்பட்டது 1996-ல். அதற்கு முன் வடுகபட்டியில் பிறந்தவர்களின் பதிவேட்டில் 'மதுரை மாவட்டம்' என்று இருக்கும், இன்றைய ஆதாரில் 'தேனி மாவட்டம்' என்று இருக்கும். வளைகுடாவுக்குப் போகக் கடவுச்சீட்டு எடுக்கும் பையனிடம், "பிறந்த மாவட்டம் எது?" என்று படிவம் கேட்கிறது. அரசு தன் எல்லையை மாற்றிக்கொண்டதற்கு அவன் விளக்கம் எழுத வேண்டும். இன்னும் பழைய கதையும் இருக்கிறது. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணைக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்களில் ஒன்று மெட்டூர். அங்கே பிறந்து, ஊர் நீரில் போனதால் வடுகபட்டிக்கு வந்து வளர்ந்தவர் கவிஞர் வைரமுத்து. 2003-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய 'கள்ளிக்காட்டு இதிகாசம்' அந்த இடப்பெயர்வைச் சொல்லும் நாவல். அவருக்குப் புகழ் இருக்கிறது, கேட்கிறவர்கள் தெரிந்துகொள்வார்கள். அதே அணைக்காக வீட்டையும் காட்டையும் விட்டு வந்த மற்றக் குடும்பங்களின் கிழவர்கள், 'பிறந்த ஊர், வட்டம், மாவட்டம்' என்ற கட்டங்களில் எதை எழுதுவார்கள்? ஊரைத் தண்ணீருக்குள் அனுப்பிய அரசுதான் அந்தப் படிவத்தையும் அச்சடித்தது.

தேதி விஷயத்துக்கு வருவோம். ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் பிறந்த நாள் மே மாதம் அல்லது ஜூன் மாதம் என்பார்கள். ஊர் முழுக்க வெயில் காலத்தில் மட்டும் பிள்ளை பெற்றதா? வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று முடிவு செய்து, பள்ளி திறக்கும் தேதிக்கு ஏற்றபடி ஒரு நாளை வாத்தியார் எழுதிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை படிக்கட்டும் என்றுதான் செய்தார். ஆனால் அந்தத் தேதியை எழுதியவர் அரசுச் சம்பளக்காரர். பின்னால் ஆதார் எடுத்தபோது, வயதை மட்டும் சொன்ன கிழவிகளுக்கெல்லாம் ஜனவரி 1 என்ற பிறந்த நாளை அந்த மென்பொருள் போட்டது. அதையும் எழுதியது அரசின் ஏற்பாடுதான். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஏம்மா ஒனக்கு ரெண்டு பிறந்த நாள்?" என்று கேட்கிறது அதே அரசு.

'ஆதார்தான் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்' என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆதார் அடையாளத்துக்கான அட்டை, பிறந்த தேதிக்கு அது சாட்சி ஆகாது. 2024 ஜனவரியில் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் பிறந்த தேதிச் சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் ஆதாரை வயதுக்கு ஆதாரமாக ஏற்க மறுத்தது. 1969 சட்டம் 2023-ல் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, கடவுச்சீட்டு, ஆதார் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அத்தாட்சி. பழைய தலைமுறைக்காவது ஒரு தாளில் பிழை இருந்தால் இன்னொரு தாளைக் காட்டித் தப்பிக்க வழி இருந்தது. இன்று பெரியகுளத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்த வழி இல்லை. வார்டில் ஒருவர் அவசரத்தில் தட்டிய ஓர் எழுத்தை அது ஆயுள் முழுக்கச் சுமக்கும்.

பெயருக்கான கட்டங்களும் நம்மை நினைத்துப் போடப்பட்டவை இல்லை. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டு காலம் தள்ளிவிட்டோம். கடவுச்சீட்டு விண்ணப்பம் இனிசியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும், குடும்பப் பெயர் என்று ஒரு கட்டத்தையும் நீட்டும். அதில் ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், இன்னொருவர் ஊர்ப் பெயரைப் போடுகிறார், மூன்றாமவர் வெறுமையாக விடுகிறார். மூவரும் தங்களுக்குத் தெரிந்த வரையில் சரியாகத்தான் செய்தார்கள். பிறகு வேறொரு அலுவலகம் அவரவர் தாள்களை ஒப்பிட்டு, "பேரு ஒத்துப்போகல" என்று திருப்பி அனுப்புகிறது. தந்தை பெயர் என்ற கட்டமும் நெடுங்காலம் பெண்களை வதைத்தது. மணமாகாத தாயோ தனித்து வாழும் தாயோ உறுதிமொழி கொடுத்தால், தந்தை பெயரைக் கேட்காமலேயே சான்றிதழ் தர வேண்டும் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், அந்தத் தீர்ப்பு கவுன்டர் வரை வந்து சேரவில்லை என்றே பல பெண்களின் அனுபவம் சொல்கிறது. 2023 திருத்தம் தனித்த தாயையும் மணமாகாத தாயையும் தகவல் தரத் தகுதியுள்ளவர்களாகச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் கவுன்டரின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்?

நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நம் பெண்கள் போகிறார்கள். குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். 1969 சட்டத்தின் 9-ஆம் பிரிவு தோட்டங்களுக்கென்றே எழுதப்பட்டது. நான்கு ஹெக்டேருக்குக் குறையாத தேயிலை, காபி, மிளகு, ஏலக்காய், ரப்பர் தோட்டங்களில் பிறப்போ இறப்போ நடந்தால் பதிவாளருக்குத் தகவல் தர வேண்டியவர் அந்தத் தோட்டத்தின் கண்காணிப்பாளர். தொழிலாளியின் தலையில் சட்டம் அதைக் கட்டவில்லை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பதிவே ஆகாமல் போன குழந்தைகள் பின்னாளில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கு வரும்போது, "கேரளாவுல பொறந்துட்டு இங்க வந்து நிக்கிறீங்க, அப்பவே பதியலையா?" என்று தாயிடம்தான் கேட்கிறோம். தோட்டக்காரரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தப் பதிவேடுகள் பிறந்ததே மக்களுக்காக இல்லை என்பதையும் மறந்துவிட்டோம். சென்னை மாகாணத்தில் 1899-லேயே பிறப்பு, இறப்புப் பதிவுக்கு ஒரு சட்டம் வந்தது. காலராவும் அம்மையும் எந்த ஊரில் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்று வெள்ளைக்காரத் துரைத்தனத்துக்குக் கணக்கு வேண்டியிருந்தது. கிராம முன்சீப் எழுதிய பழைய பதிவேடுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இன்னாருக்கு ஆண் குழந்தை, இன்னாருக்குப் பெண் குழந்தை, அவ்வளவுதான். எண்ணிக்கைதான் முக்கியம், பெயர் எதற்கு? 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அலுவலர்களை நீக்கிய பிறகு அந்த நோட்டுகள் கிராம நிர்வாக அலுவலர்களிடம் வந்தன. பழையவற்றைத் தேடிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் இன்றும் சனம் அலைகிறது. முன்சீப் எழுதாத பெயரைப் பேரன்தான் நிரூபிக்க வேண்டும்.

கணக்கின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1990-களில் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் சிசு மரணத்துக்கான காரணங்களுக்குள் 'சமூகக் காரணங்கள்' என்று ஒரு தலைப்பு இருந்தது. பெண் சிசுவைக் கொன்றதற்கு அலுவலகம் வைத்துக்கொண்ட நாகரிகப் பெயர் அது. ஷீலா ராணி சுங்கத், வி.பி. ஆத்ரேயா இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பதிவேடுகளிலிருந்துதான் பெண் சிசுக் கொலையின் பரப்பைக் காட்டியது. தேனியும் சேர்ந்திருந்த அன்றைய மதுரை மாவட்டம் அதில் முன்வரிசையில் நின்றது. அந்த உண்மை வெளியே வந்தது, கிராமத்துச் செவிலியர்கள் ஒவ்வொரு வீடாகப் போய், கேட்டு, எழுதியதால். தனக்கு வேண்டியதை அரசால் துல்லியமாக எழுத முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு? படிவத்தின் புள்ளிவிவரப் பகுதிக்குக் கொடுக்கும் அக்கறையில் பாதியைச் சட்டப் பகுதிக்கும் கொடுத்தால் போதும்.

இறப்புச் சான்றிதழிலும் மக்களின் அறியாமை என்றே பேச்சு. கொரோனாக் காலத்தில் இறந்தவர்களின் வீட்டார், "சர்ட்டிபிகேட்ல கொரோனான்னு போட்டுத் தாங்க" என்று கேட்டபோது, விவரம் தெரியாதவர்கள் என்று ஏளனம் செய்தார்கள். சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பதிவேட்டிலிருந்து தரும் நகலில் இறப்பின் காரணத்தைச் சொல்லக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காரணத்தை வைத்துத்தான் நிவாரணம் என்றால் குடும்பம் வேறு எதைக் கேட்கும்? 2021 ஜூன் 30-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே இதற்கென்று தனி ஆவணமும், 50,000 ரூபாய் நிவாரணத்துக்கான நடைமுறையும் வந்தன. கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். பதில்தான் தாமதமாக வந்தது.

சரி, பிழை வந்துவிட்டது. திருத்துவது எப்படி? என் மறுப்பின் மையம் இதுதான். 15-ஆம் பிரிவைப் படியுங்கள். பதிவில் பிழை இருக்கிறது என்று பதிவாளருக்குத் திருப்தி ஏற்பட்டால், முதலில் எழுதியதை அழிக்காமல், ஓரத்தில் திருத்தம் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடலாம். விதிகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. எழுத்துப் பிழை என்றால், யாரும் மனுக் கொடுக்காவிட்டாலும், தம் கண்ணில் பட்டாலே பதிவாளர் விசாரித்துத் திருத்த வேண்டும். விஷயத்திலேயே பிழை என்றால், உண்மை தெரிந்த நம்பகமான இரண்டு பேரின் உறுதிமொழி இருந்தால் திருத்தலாம். இதற்குக் கோர்ட்டும் கெஜட்டும் தேவையில்லை.

நடப்பது என்ன? 'முருகேசன்' என்பதில் ஒரு ஆங்கில எழுத்து கூடிப்போயிற்று என்று போனால், "கோர்ட்ல ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள். இல்லையென்றால் "கெஜட்ல போட்டுட்டு வாங்க" என்கிறார்கள். கெஜட் என்பது ஒருவர் தாமே தம் பெயரை மாற்றிக்கொள்வதற்கான வழி. எழுத்தர் செய்த பிழைக்குப் பெயர் மாற்றம் செய்துகொள் என்பது, கணக்குப்பிள்ளை தப்பாக எழுதிய கடனை முதலில் கட்டிவிட்டு வா என்று சொல்வதற்குச் சமம். அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருக்கும் மனு எழுதுகிறவரிடம் ஒரு நாள் கூலி போகிறது, முத்திரைத்தாளுக்கும் நோட்டரிக்கும் இன்னொரு நாள் கூலி, வக்கீலுக்கு ஒரு மாதக் கூலி. பதிவாளர் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டிய ஒரு வரிக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலை இது.

ஆன்லைன் வந்ததால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாடு முழுவதற்குமான ஒரே கணினித் தளம் வந்த பிறகு சான்றிதழை வீட்டிலிருந்தே கட்டணமில்லாமல் எடுக்க முடிகிறது. நகல் வாங்க நடையாய் நடந்த காலம் பெருமளவு போயிற்று. ஆனால் தளம் தருவது அதற்குள் தட்டியதைத்தான். பிழையும் கியூஆர் கோடோடு, பளிச்சென்று, எத்தனை பிரதி வேண்டுமானாலும் கிடைக்கும். திருத்தத்துக்கு மறுபடி அதே கவுன்டர்தான். பழைய கையெழுத்துச் சான்றிதழில் இருந்த பிழையை விசாரிக்கும் அதிகாரி அதன்மேல் ஒரு சந்தேகமாவது படுவார். அச்சில் வந்த பிழையை அவர் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. திருத்தத்தைச் சுலபமாக்கினால் மோசடி பெருகும் என்பார்கள். பதினாறு வயதுப் பெண்ணைப் பதினெட்டாக்கிக் கல்யாணம் முடிப்பார்கள், பென்ஷனுக்காக வயதைக் கூட்டுவார்கள், சொத்துக்காக வாரிசை மறைப்பார்கள். இவை நடக்காதவை என்று யாரும் சொல்ல முடியாது. குழந்தைத் திருமணம் இந்த மாவட்டத்துக்கும் அந்நியம் இல்லை. ஆனால் இந்த அச்சத்துக்கான பதிலைச் சட்டமே உள்ளே வைத்திருக்கிறது. பழைய பதிவு அழிவதில்லை. திருத்தம் ஓரத்தில், தேதியோடு, யார் செய்தது என்ற கையெழுத்தோடு நிற்கும். பொய்த் தகவலுக்குத் தண்டனையும் உண்டு. பிறந்த தேதியை இரண்டு வருடம் நகர்த்தக் கேட்பவரும், 'பேச்சியம்மா' என்பதைப் 'பேச்சியம்மாள்' ஆக்கக் கேட்பவரும் ஒன்றில்லை. இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் மோசடிக்காரர் தோற்பதில்லை. அவருக்குப் புரோக்கரைத் தெரியும், பணமும் இருக்கும். தோற்பது பூண்டு மண்டிப் பெண்தான்.

அலுவலருக்கு ஆள் பற்றாக்குறை என்பதையும் ஏற்கிறேன். உள்ளாட்சிகளில் டெங்குக் கொசுவுக்கு மருந்து அடிக்கவும், குப்பை வண்டியை அனுப்பவும், கடைகளில் சோதனை போடவும் ஓடுகிற சுகாதார ஆய்வாளரிடமே பிறப்பு, இறப்புப் பதிவும் இருக்கிறது. அவருக்கு நேரம் இல்லை என்றால் அது அரசு தீர்க்க வேண்டிய குறை. அதற்கும் ஒரு விழிப்புணர்வு முகாமா நடத்துவது? வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்முன் பாரத்தைத் தாய்க்கும் தகப்பனுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்ட ஓர் ஆளைப் போடலாம். ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் ஆகும். பதிவு முடிந்த ஏழு நாளுக்குள் சான்றிதழ் கட்டணமில்லாமல் தரப்பட வேண்டும் என்று திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. அந்தச் சான்றிதழை அச்சடிக்கும்முன் ஒருமுறை குடும்பத்தின் கைப்பேசிக்கு அனுப்பிச் சரிதானா என்று கேட்கலாம். சமையல் எரிவாயு உருளைக்கு வரும் குறுஞ்செய்தி, ஒரு குழந்தையின் பெயருக்கு வரக் கூடாதா?

அதுவரை கவுன்டரில் நிற்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் போதும். 2023 திருத்தம் 25ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்திருக்கிறது. பதிவாளரின் நடவடிக்கையாலோ உத்தரவாலோ பாதிக்கப்பட்டவர் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் "நாளைக்கு வாங்க" என்பதை வைத்துக்கொண்டு மேல்முறையீடு எழுத முடியாது. "கோர்ட்டுக்குப் போங்க" என்று வாயால் சொல்வதும் உத்தரவு ஆகாது. மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டு, "முடியாதுன்னா அதை எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்க வேண்டும். எந்தப் பிரிவின் கீழ், எந்தக் காரணத்துக்காக முடியாது என்று எழுதப் பேனாவைத் திறக்கும்போது அவரும் 15-ஆம் பிரிவைப் படிக்க வேண்டியிருக்கும்.